எமிலிக்கு வயது முப்பத்தொன்பது

மாவட்டத்துப் பிள்ளைகள் இத்தனை காலமும் ஆங்கிலத்தை மனிதர்களின் வாயிலிருந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற அதிர்ச்சித் தகவலைக் கல்வி அலுவலகம் ஒரு வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் ஆங்கிலப் பாட நிபுணர் கிம் ஓவான் மேடம். சனி, ஞாயிறு அவர் தூங்கவில்லையாம். திங்கட்கிழமை கூட்டம் போட்டார்கள். ஆங்கிலம் நடத்துகிற அத்தனை பேரும் வர வேண்டும், வராதவர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் என்று உத்தரவு.

லியூ டீச்சரும் போனாள். மெக்கோங் ஆற்றின் கிளையொன்றில், படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிற ஆரம்பப் பள்ளியில் அவள் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியை. ஒப்பந்தம் என்றால், மே மாதம் கடைசி மணி அடித்ததும் அவள் ஆசிரியை இல்லை. ஆகஸ்டு கடைசியில் தலைமையாசிரியர் லோய் போன் செய்தால் மறுபடி ஆசிரியை. நடுவில் ஸ்கூட்டரில் இறால் அப்பளம் கட்டிக்கொண்டு போய் விற்பாள், தன்னிடம் படிக்கிற பிள்ளைகளின் வீட்டு வாசலில்கூட. ஆகஸ்டு பிறந்துவிட்டால் குளிக்கப் போகும்போதும் போன் கையில் இருக்கும். அந்த வருடம் பள்ளிக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. மாவட்ட மாதிரிப் பாடத்தில் அவள் தேறினால் அது அவளுக்கு. இன்னொரு ஆகஸ்டை அவளால் தாங்க முடியாது. அந்த இடத்துக்காக என்ன சொன்னாலும் செய்வாள். கல்வி அலுவலகத்துக்கு இது தெரியும். அதற்குத் தெரிந்த மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

மேடம் பட்டில் தைத்த ஆவ் தாய் நீளங்கியை உடுத்திக்கொண்டு மேடையேறினார்.

"ஆசிரியர்கள் மேல எனக்குக் கோபமே இல்ல. உங்களை நாங்க மதிக்கிறோம். பிரச்சினை உங்க வாய்தான். அந்த வாயை மட்டும் எடுத்துட்டா நீங்க ஒவ்வொருத்தரும் தங்கமான ஆசிரியர்," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டுவதற்கு வாய் தேவைப்படவில்லை.

வாய்க்குப் பதிலாக வந்தது 'தங்கக்குரல்'. எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டும் கணினிக் குரல். பிள்ளைகள் திருப்பிச் சொன்னால் கேட்டு மதிப்பெண்ணும் போடும். அதற்குள் நூற்றுக்கணக்கான குரல்கள் இருந்தன. தேர்வுக் குழு மூன்று நாள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒரு குரல் உள்ளுக்குள் சிரிப்பதுபோல் இருந்தது, தள்ளிவிட்டார்கள். இன்னொன்று கேள்வி கேட்பதுபோல் இருந்தது, உடனே தள்ளிவிட்டார்கள். கடைசியில் எமிலி என்ற குரல் தேறியது. அதில் எந்த அபிப்பிராயமும் இல்லை என்று குழு ஒருமனதாகப் பாராட்டியது.

லியூ தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "மேடம், பிள்ளைங்க நடுவுல ஏதாவது சந்தேகம் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. உச்சரிப்பு சரியா இருந்தா சந்தேகம் எதுக்கு வருது?"

அன்றைக்கே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி டேப்லெட் முன்னால் பேச வைத்து மதிப்பெண் போட்டார்கள். லியூவுக்கு நாற்பத்தொன்று. அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில், காணாமல்போன நாயைப் பற்றிய துண்டுச் சீட்டுக்குப் பக்கத்தில், ஒட்டினார்கள். தலைமையாசிரியர் லோய் தான் கணக்கு வாத்தியார் என்று தப்பித்துக்கொண்டார். மேடத்துக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் யாரோ ஒரு புதுப் பையன் கேட்டுவிட்டான். "அளவுகோலை யாராவது அளப்பாங்களா தம்பி?" என்று மேடம் அன்பாகச் சொன்னார். அந்தத் தம்பி இப்போது ஒரு தீவுப் பள்ளியில் இருக்கிறான். காலையில் ஒரு படகு, சாயங்காலம் ஒரு படகு.

எமிலி வந்து சேர்ந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்து, மேசையில் அதை இயக்கும் டேப்லெட்டும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்த பிறகுதான் லோய்க்கு அது உறைத்தது.

"ஆமா, இவங்களுக்கு என்ன வயசு?"

யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் வயது தெரியாமல் ஒருத்தரிடம் நேரம்கூடக் கேட்க முடியாது. அக்காவா, தங்கையா, சித்தியா என்று தெரிந்தால்தான் வாக்கியமே ஆரம்பிக்கும். தவறாக ஆரம்பித்தால் கல்யாண வீட்டில்கூட அடிதடி ஆகும். லோய் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். தயாரிப்பு வருடத்தைப் பார்த்தால் எமிலிக்கு இரண்டு வயது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிள்ளைகளை எழுந்து நின்று கைகட்டி வணக்கம் வைக்கச் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை யாரும் எமிலியிடம் பேசவில்லை, பாடமும் நடக்கவில்லை. வந்த சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. எமிலி எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரைவிட ஒரு வயது மூத்தவராகவும், தலைமையாசிரியரைவிட இளையவராகவும், மாவட்ட அலுவலர்களுக்குப் பிள்ளை முறையாகவும் கருதப்படுவார். லியூவுக்கு முப்பத்தெட்டு. ஆகவே எங்கள் பள்ளியில் எமிலிக்கு முப்பத்தொன்பது.

"லியூ, அக்காவுக்கு வணக்கம் சொல்லும்மா," என்றார் லோய்.

லியூ கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தாள். "வணக்கம்க்கா."

எமிலி பேசவில்லை. யாரும் எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"பெரியவங்க அப்படித்தான். உடனே பதில் சொல்லிட மாட்டாங்க," என்று லோய் சமாதானம் சொன்னார்.

பள்ளி வாசலில் கடை போட்டிருக்கிற, பிறந்த வரிசையை வைத்து ஊரே ஏழாவது அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு இது அல்வா சாப்பிட்டதுபோல் ஆகிவிட்டது. லியூ காபி வாங்க வரும்போதெல்லாம், "ஏன்டி, உங்க அக்காவுக்கு ஒண்ணு கட்டட்டுமா? பால் தூக்கலாவா, கம்மியாவா?" என்பாள். "நாத்தனாரைக் கட்டிக்கிட்டு அழறவங்களைப் பார்த்திருக்கேன். பெட்டிக்கு நாத்தனார் உபசாரம் பண்றவளை இப்பத்தான்டி பார்க்கிறேன்."

"சும்மா இரு அக்கா. எனக்கு வேலை நிரந்தரமாகணும்."

"ஆகும், ஆகும். அவளுக்கு ஆகும்."

இதற்குள் விதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஆங்கில வகுப்பில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகளின் காது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் ஆசிரியர் தாய்மொழியிலும் பேசக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வரலாம், தும்மலுக்கு முன்அனுமதி வேண்டும். கைதட்டிப் பிள்ளைகளை அடக்கலாம். விசில் ஊதலாமா என்று உடற்பயிற்சி வாத்தியார் கேட்டதற்கு, விசிலுக்கு உச்சரிப்பு உண்டா இல்லையா என்று தெளிவாகும்வரை வேண்டாம் என்றார்கள். ஒரு பிள்ளை சொன்ன வாக்கியம் எண்பது மதிப்பெண்ணைத் தொட்டால் எமிலி "மிக நன்று" என்பாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளை உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். தொடாவிட்டால், "தயவுசெய்து இன்னொரு முறை முயலவும்."

நாலாம் வகுப்பில் ஹான் என்று ஒரு சிறுமி. அவள் அம்மா சுற்றுலாக்காரர்களைப் படகில் வைத்து ஓட்டுபவள். எமிலி வருவதற்கு முன்பு ஹான் இடைவேளையில் லியூவின் மேசையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். "டீச்சர், இன்னைக்கு உங்க முடி கோழிக்கூடு மாதிரி இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்வாள். "உன் மூக்கு மட்டும் என்னவாம்" என்று லியூ ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுப்பாள். இருவருடைய உச்சரிப்பையும் சேர்த்தாலும் எண்பது தேறாது. ஆனால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அந்த வகுப்பில் அப்படித்தான் ஆங்கிலம் புழங்கியது. பசிக்கிறது, பென்சிலைத் திருடிவிட்டான், மழை வருகிறது, வீட்டுக்குப் போகலாமா.

எமிலி பாடம் ஆரம்பித்த மறுவாரம் ஹான் மேசைக்கு அருகே வந்து, "டீச்சர், ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். ஜன்னலில் லோயின் தலை தெரிந்தது. லியூ பெட்டியைக் கைகாட்டினாள். ஹான் பெட்டியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மாதிரிப் பாடத்துக்கு ஒத்திகை ஆரம்பமானது. மாதிரிப் பாடம் என்பது எங்கள் பள்ளிக்கூடங்களில் கல்யாணத்தைவிடப் பெரிய காரியம். முதல் தடவை கேட்பதுபோல் ஆச்சரியப்படுவதற்கே பிள்ளைகள் இரண்டு வாரம் பயிற்சி எடுப்பார்கள். எல்லாம் சரியாகவே இருந்தால் ஒத்திகை என்று தெரிந்துவிடும் என்பதற்காக, தப்பாகச் சொல்வதற்கென்றே ஒரு பையனைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை அந்தப் பையனால் தப்பாகச் சொல்லவே முடியவில்லை, எமிலி பழக்கிவிட்டிருந்தாள். லோய் அவனுக்குத் தினமும் மாலையில் தனியாகத் தப்பு சொல்லிக் கொடுத்தார்.

அந்த நாளும் வந்தது. மந்தமான பிள்ளைகளை விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள், அவர்களும் ஓய்வெடுக்கட்டும் என்று. மற்றவர்கள் காலையிலிருந்தே கையில் கொடியோடு முற்றத்தில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பாடத்தைப் பார்க்க வரும் மாவட்டக் குழு எட்டு மணிக்கு வர வேண்டும். ஆனால் ஆற்றோரக் கடையில் ஹூ தியூ நூடுல்ஸ் அன்றைக்குப் பிரமாதமாக இருந்ததால் பத்தரைக்குத்தான் வந்தது. வெயிலில் நின்ற பிள்ளைகளிடம் மேடம், "வாடாம சிரிக்கணும் கண்ணுங்களா," என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். ஹானின் முகம் அப்போதே வெளுத்திருந்தது. லியூ அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பாடம் 'சந்தையில்'. எமிலி மாம்பழத்தின் விலை கேட்டாள். பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். தப்புப் பையன் அழகாகத் தப்பு செய்தான், எமிலி திருத்தினாள், குழு தலையாட்டியது. லியூ சுவரோரமாகப் புன்னகையோடு நின்றாள். அந்தப் புன்னகைக்கும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

தர்பூசணிக்கு வந்தபோது, எமிலிக்கு எதிரே முதல் வரிசையில் இருந்த ஹான் தன் முறை வராமலே எழுந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு உடம்பு முடியல. வெளியே போகணும்," என்றாள். நல்ல உயிருள்ள ஆங்கிலம். அந்த மாவட்டத்து மாதிரிப் பாடங்களின் வரலாற்றில் ஒரு பிள்ளை நிஜமாகவே சொல்ல நினைத்துச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம்.

சுவரில் பெரிய திரையில் விழுந்தது: முப்பத்துநான்கு.

"தயவுசெய்து இன்னொரு முறை முயலவும்," என்றாள் எமிலி.

மேடம் லோயின் பக்கம் சாய்ந்தார். "இது ஒத்திகையில இருந்ததா?"

"இல்ல மேடம், சத்தியமா இல்ல." லோய்க்கு வேர்த்துவிட்டது.

"அதான் பார்த்தேன். எவ்வளவு இயல்பா வருது!" மேடம் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்.

ஹான் மறுபடி சொன்னாள். ஐம்பத்திரண்டு. மறுபடி சொன்னாள். ஐம்பத்தெட்டு. குழுவில் ஒருவர், "முன்னேற்றம், முன்னேற்றம்," என்று பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். எழுபத்தொன்று வந்தபோது ஹான் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு லியூவைப் பார்த்தாள்.

'ஓடு' என்று ஒரு வார்த்தை போதும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. லியூ லோயைப் பார்த்தாள். அவர் உதட்டின்மேல் விரலை வைத்து நின்றார், கண்ணில் கெஞ்சல். அவளுக்கு ஆகஸ்டு ஞாபகம் வந்தது, அப்பள மூட்டை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அந்த நிமிடம் தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் ஒத்திகையில் பழகிய புன்னகை முகத்தில் அப்படியே இருந்தது.

ஹான் திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். இந்தத் தடவை வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, நேராக நின்று, எமிலியைப்போலவே சொன்னாள். வலி குறையவில்லை. குரலில்தான் வலி குறைந்தது. எழுபத்தொன்பது.

குழு முழுக்க "ச்சோ" கொட்டியது. "இன்னும் ஒண்ணுதான்டா கண்ணு, விட்றாத!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

ஹான் கண்ணை மூடிக்கொண்டு, எந்த அபிப்பிராயமும் இல்லாத குரலில், தனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிவித்தாள். தொண்ணூற்றிரண்டு. சொல்லி முடித்ததும் வாந்தியெடுத்தாள். மேசைமேல், கொடிமேல், நாற்காலியில் இருந்த எமிலிமேல். அப்படியே மடங்கி விழுந்தாள்.

"மிக நன்று! நீ வெளியே போகலாம்," என்றாள் எமிலி.

குழு எழுந்து நின்று கைதட்டியது. லியூ ஓடினாள். பாதி வழியில் லோய், "பெட்டி, பெட்டி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். லியூ முதலில் பெட்டியைத் துடைத்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கினாள்.

மதியம் பாராட்டு விழாவில் மேடம் மனம் திறந்து பேசினார்.

"இந்தப் பொண்ணு ஆரம்பத்துல வெறும் முப்பத்திநாலு. வயித்து வலியோட தொண்ணூத்திரண்டு. இதுல இருந்து என்ன தெரியுது? நல்லா இருக்கற பிள்ளைங்க முயற்சி பண்றது பத்தல. அடுத்து லியூ டீச்சர். அவங்க என்ன செஞ்சாங்க? ஒண்ணுமே செய்யல. ஒரு பிள்ளை கண்ணு முன்னால அப்படி நிக்கும்போது ஒண்ணுமே செய்யாம இருக்கறது லேசுப்பட்ட காரியம்னு நினைக்காதீங்க. அலுவலகத்துல நாங்க எத்தனையோ வருஷம் பழகித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கோம். இவங்க ஒரே நாள்ல வந்துட்டாங்க."

ஹான் அப்போது ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள். வெயில் தாக்கியது என்று டாக்டர் சொன்னார். அதை அறிக்கையில் 'மொழிச் சூழலில் ஆழ்ந்த ஈடுபாடு' என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகு எல்லா மாதிரிப் பாடத்திலும் 'இயல்பான உடல்நலக் குறைவு' ஒன்று கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் வயிற்றைப் பிடிக்கப் பழகினார்கள், அரிசிக் கஞ்சியை வாயில் அடக்கிவைத்து நேரம் பார்த்துத் துப்பப் பழகினார்கள். ஒரு பள்ளி மயக்கத்தை முயன்று பார்த்தது. மயங்கிய பிள்ளை வாக்கியம் சொல்லாது என்பதால் மதிப்பெண் வரவில்லை, தலைமையாசிரியருக்குத்தான் மெமோ வந்தது.

ஜூன் மாதம் லியூவின் நிரந்தர உத்தரவு வந்தது. ஆகஸ்டில் போன் அடிக்கவில்லை, அடிக்கத் தேவையும் இல்லை. ஏழாவது அக்கா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தாள். கேலியும் பண்ணவில்லை. லியூவின் முகத்தைப் பார்க்காமல் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேலி பண்ணியிருந்தால் தேவலை என்று லியூவுக்குத் தோன்றியது.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. ஹான் ஐந்தாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாவட்டத்திலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். பாடத்துக்கு நடுவில் அவள் எழுந்து நின்று, வெளியே போகலாமா என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். பிசிறே இல்லாத ஆங்கிலம். டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டு கிடந்தது. அவள் காத்திருந்தாள். ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றாள்.

லியூ போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். நிரந்தர ஆசிரியையை இனி யார் என்ன செய்துவிட முடியும்? ஹானுக்குப் பக்கத்தில் வந்து, ஒரு வருடமாக அந்த அறையில் திறக்காத வாயைத் திறந்தாள்.

"போம்மா ஹான். போயிட்டு வா."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஹான் அசையவில்லை. எங்கிருந்து சத்தம் வந்தது என்பதுபோல் ஒரு நொடி லியூவின் வாயைப் பார்த்தாள். அப்புறம் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இல்ல டீச்சர். உங்க அக்கா இன்னும் சொல்லல."

கால்களை ஒட்டி நெருக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் நின்றாள். லியூ இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் மேசைக்குப் போய், இழுப்பறையில் கிடந்த சார்ஜரை எடுத்து, டேப்லெட்டில் செருகினாள்.